பொண்ணுங்க ரெஸ்லிங் படத்த ஊர் புள்ளைங்களுக்கு போட்டு காட்டுறது எப்படி, படம் விட்டுட்டதையும் சேத்து

ஃபைட்டிங் வித் மை ஃபேமிலி படத்த எங்க ஊர் கபடி புள்ளைங்களுக்கு இதுவரைக்கும் மூணு தடவ போட்டிருக்கேன். மொத தடவ தப்பா போச்சு, ரெண்டாவது பரவால்ல, மூணாவது தடவ தான் புள்ளைங்க படத்தையும் பாத்து படத்துல இல்லாததையும் பாத்துச்சுங்க. நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவுல உள்ள ஊரு எங்களது, வடுவூர் மாதிரி கபடின்னா பேர் சொல்ற ஊரெல்லாம் இல்ல, ஆனாலும் சாயங்காலம் ஆச்சுன்னா பன்னெண்டு பதிமூணு பொண்ணுங்க கோயில் திடல்ல கோடு போட்டு ஆட வந்துரும், எட்டாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற புள்ளைங்க. உங்க ஊர்லயும் இப்படி ஒரு கூட்டம் இருந்து, இந்த படத்த போடலாம்னு நெனச்சீங்கன்னா நான் பண்ண தப்ப நீங்க பண்ண வேணாம், அதுக்கு தான் இத எழுதுறேன்.

மொத தடவ என்ன ஆச்சுன்னா படத்த ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஒரே மூச்சா ஓட விட்டேன், நடுவுல நிறுத்தல, எதையும் சொல்லல, புள்ளைங்க கைதட்டி விசிலடிச்சு சந்தோசமா வீட்டுக்கு போச்சுங்க. மறுநாள் சாயங்காலம் ஒம்பதாவது படிக்கிற ரெண்டு பொண்ணுங்க சிமெண்ட் களத்துல ஒருத்திய ஒருத்தி தூக்கி போட்டு பாத்து ஒருத்திக்கு முழங்கையில எலும்பு விட்டு மூணு வாரம் மாவுக்கட்டு. அவங்க அம்மா வந்து ஏம்மா நீ நல்லது தான காட்டுவன்னு அனுப்புனேன்னு கேட்டாங்க, அத இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியல. அதே வாரம் இன்னொரு பொண்ணு வந்து கேட்டா, அக்கா படத்துல வர்ற அந்த அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாம தைரியத்துல மட்டும் தான் ஜெயிச்சாங்களா, அப்ப நாங்க எதுக்கு தெனமும் பிராக்டிஸ் பண்றோம்னு. இந்த கேள்விய கேட்டதும் தான் எனக்கு உறைச்சுச்சு, படத்தோட பெரிய கொறையே இது தான். விழறத ஒரு வித்தையா அது சொல்லி தரல, அந்த பொண்ணு எவ்ளோ வித்தை கத்தவன்னும் சொல்லல. கட்டு போட்டதுக்கும் இந்த கேள்விக்கும் காரணம் ஒண்ணு தான்.

படத்த பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 2019ல வந்துச்சு, எழுதி இயக்குனது ஸ்டீபன் மெர்ச்சன்ட், இங்கிலாந்துல நார்விச் ஊர்ல ரெஸ்லிங் தான் பொழப்புன்னு வாழுற ஒரு குடும்பம், அப்பா அம்மா அண்ணன் தங்கச்சி எல்லாரும் ரிங்குல ஏறுறவங்க, அதுல தங்கச்சிக்கு மட்டும் அமெரிக்காவோட பெரிய ரெஸ்லிங் கம்பெனி டபிள்யூடபிள்யூஇ-ல எடம் கெடைக்குது, அண்ணன் ஸாக்குக்கு கெடைக்கல. தங்கச்சியா ஃப்ளோரன்ஸ் பியூ, அண்ணனா ஜாக் லோடன், அப்பா அம்மாவா நிக் ஃப்ராஸ்ட், லீனா ஹெடி. ராக் அதாவது டுவைன் ஜான்சன் ராக்காவே வருவாரு, தயாரிப்பாளர்ல அவரும் ஒருத்தர். நெஜமா வாழ்ந்த குடும்பம் இது, அந்த பொண்ணு பேரு சராயா, ரிங்குல பெய்ஜ். இவங்கள பத்தி 2012ல இங்கிலாந்து டிவியில ஒரு டாக்குமெண்டரி வந்துச்சு, அதுலேருந்து தான் இந்த படம். எனக்கு புடிச்ச படம், அத மொதல்லயே சொல்லிடுறேன், புடிக்காத படத்துக்கு இவ்ளோ மெனக்கெட மாட்டேன்.

போடுறதுக்கு முன்னாடி நீங்க மட்டும் ரெண்டு தடவ பாருங்க. ஒரு தடவ சும்மா கதைக்காக, இன்னொரு தடவ கையில பேனாவோட, எங்க நிறுத்தணும்னு நிமிசத்த குறிச்சுக்கிட்டே பாருங்க. அமெரிக்காவுல பதிமூணு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்களுக்கு சிலது ஒத்து வராது, பெத்தவங்க கவனமா இருக்கணும்னு சர்டிபிகேட் குடுத்த படம், அந்த குடும்பம் கொஞ்சம் கொச்சையா பேசும், ஸாக்கோட கேர்ள்ஃப்ரெண்டு அப்பா அம்மா சாப்பிட வர்ற சீன்ல அது அதிகம். அந்த சீன நான் பாதியில தாவிடுவேன், ஆனா அதுல ஒரு முக்கியமான பேச்சு இருக்கு, ரெஸ்லிங்ல முடிவு தான் முன்கூட்டி பேசி வச்சது, வலி பொய் இல்லன்ற அர்த்தத்துல வரும், அத மட்டும் தமிழ்ல சொல்லிட்டு தாண்டிடுவேன். வசனம் முழுக்க இங்கிலீஷ், அதுவும் நார்விச் இழுவை, சப்டைட்டில் ஓடுற வேகத்துக்கு நம்ம புள்ளைங்களால படிக்க முடியாது, அதனால பக்கத்துல உக்காந்து நாலு வரிக்கு ஒரு வரி நீங்க தான் தமிழ்ல சொல்லிக்கிட்டு வரணும், தொண்டை வறண்டுரும், தண்ணி வச்சுக்குங்க.

படம் ஒண்ணே முக்கா மணி நேரம் தான், ஆனாலும் ரெண்டு சாயங்காலமா பிரிச்சுக்குங்க. ஏன்னா நிறுத்தி பேசினா மூணு மணி நேரம் ஆயிடும், எட்டரைக்கு மேல பொண்ணுங்கள வெளிய வச்சிருந்தா அடுத்த தடவ அனுப்ப மாட்டாங்க. புரொஜெக்டர் கல்யாண வீடியோ எடுக்குறவங்ககிட்ட வாடகைக்கு கெடைக்கும், முகூர்த்தம் இல்லாத நாளா பாத்து கேட்டா கொறைச்சு குடுப்பாங்க. திரைக்கு நாலு முழ வெள்ள வேட்டி ரெண்ட ஒட்டி தைச்சா போதும். கரண்ட் போச்சுன்னா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வச்சுக்குங்க, நான் லேப்டாப்ப முழு சார்ஜ்ல வச்சிருப்பேன், போச்சுன்னா எல்லாரும் அத சுத்தி உக்காந்துடுவோம்.

மாசம்னு பாத்தா தை கடைசி, மாசி. சம்பா அறுப்பு முடிஞ்சிருக்கும், வயல்ல உளுந்து மொளைச்சு கெடக்கும், பெரியவங்களுக்கு வேல ஓஞ்சிருக்கும், கேட்டா சரின்னுவாங்க, முக்கியமா புது வைக்கோல் கெடைக்கும். வைக்கோல் எதுக்குன்னு கீழ சொல்றேன்.

படம் போடுறதுக்கு முன்னாடி இருவது நிமிசம் பேசணும். நம்ம புள்ளைங்க மனசுல பொண்ணுங்க மல்யுத்தம்னாலே தங்கல் படம் தான், தமிழ் டப்பிங்ல டிவியில பாத்திருக்கும், அதனால இதையும் அப்படியே எடுத்துக்கும். அது வேற இது வேறன்னு சொல்லுங்க. தங்கல்ல வர்றது ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம், பாயிண்டு உண்டு, நடுவர் உண்டு, யாரு ஜெயிப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. இதுல ஜெயிக்கிறது யாருன்னு மொதல்லயே முடிவு பண்ணிடுவாங்க, ரெண்டு பேரும் சேந்து ஒரு கதைய ஒடம்பால சொல்றாங்க. இத சொன்ன ஒடனே அப்ப டூப்பு தானக்கான்னு ஒரு குரல் கண்டிப்பா வரும்.

அதுக்கு பதில் நம்ம ஊர்லயே இருக்கு. மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா நடக்குதுல்ல, பிரகலாத சரித்திரம், அதுல இரணியன் சாகப்போறான்னு தெரியாம யாராவது வந்து உக்காந்திருக்காங்களா. கொழந்தைக்கு கூட தெரியும். இருந்தும் ராத்திரி பூரா முழிச்சு உக்காந்து பாக்குறாங்க, நரசிம்மர் வேசம் கட்டுறவர் விரதம் இருந்து தான் அந்த முகத்த மாட்டுவாரு, ஆவேசம் வந்து பாயும்போது நாலு பேர் அவர புடிச்சு நிறுத்துவாங்க. அத யாரும் டூப்புன்னு சொல்லமாட்டோம். முடிவு தெரியும், ஆனா அந்த முடிவுக்கு எப்படி கூட்டிட்டு போறாங்கன்றது தான் வித்தை. இத நான் சொன்னப்ப ஒரு பொண்ணு, மெலட்டூர்ல பொம்பள வேசமும் ஆம்பளைங்க தானக்கா கட்டுறாங்கன்னு சொன்னா. ஆமா, அங்க மேடைக்கே பொண்ணுங்க வர்றதில்ல, இங்க வந்த பொண்ணுங்கள எப்படி நடத்துனாங்கன்றது தான் இந்த படத்தோட கதைன்னு அங்கேருந்தே படத்துக்குள்ள போயிட்டேன்.

ரெஸ்லிங் பாஷையில நாலு வார்த்தை மட்டும் சொல்லி குடுங்க, அதுக்கு மேல வேணாம். நல்லவங்கள பேபிஃபேஸ்னும் கெட்டவங்கள ஹீல்னும் சொல்வாங்க. வாங்குன அடி வலிக்கிற மாதிரி ஒடம்புல காட்டுறது செல்லிங். முதுகு தரையில பட விழறது பம்ப். இந்த நாலு தெரிஞ்சா போதும், புள்ளைங்க ஸ்கிரீன பாத்து அவளே விழறாக்கா, அவ செல் பண்றாக்கான்னு தானா சொல்ல ஆரம்பிச்சுடும்.

இப்ப வைக்கோல். இத படத்துக்கு முன்னாடியே பண்ணிடணும், பின்னாடி இல்ல. பின்னாடி பண்ணா புள்ளைங்க சூடேறி இருக்கும், சொல்றத கேக்காது. மெஷின்ல கட்டுன உருளை கட்டா இருந்தா கயித்த அறுத்து நல்லா பிரிச்சு ஒதறுங்க, கட்டா இருக்குறது மேல விழுந்தா கட்டாந்தரை மாதிரி தான் இருக்கும். கல்லு முள்ளு பாத்து பெருக்கிட்டு, கீழ ஒரு தார்பாய், அதுக்கு மேல முழங்கால் ஒசரத்துக்கு வைக்கோல், மேல பழைய ஜமுக்காளம் ரெண்டு. முழுக்கை சட்டை போட்டுட்டு வர சொல்லுங்க, இல்லன்னா சொணை அரிச்சு தள்ளிரும். நின்னுக்கிட்டு விழவே கூடாது. குந்தி உக்காந்து, தாடைய நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, முதுகு உருண்டையா பின்னாடி சாஞ்சு, ரெண்டு கையையும் ஒடம்புலேருந்து கொஞ்சம் தள்ளி உள்ளங்கை கீழ பட தட்டணும், அதே நேரம் மூச்ச வெளிய விடணும். தலை தரையில படவே கூடாது, முழங்கைய ஊனவே கூடாது, எங்க பொண்ணுக்கு அடிபட்டதே முழங்கைய ஊனி தான். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், நீங்க பக்கத்துல நின்னு பாத்து, ஆளுக்கு நாலு தடவ, அதோட போதும். ஒருத்திய ஒருத்தி தூக்குறது கிடையாது, அத மொதல்லயே கண்டிப்பா சொல்லிடுங்க.

இத எதுக்கு பண்றோம்னா நாலே தடவ விழுந்ததுல புள்ளைங்களுக்கு முதுகு எரியும், கை காந்தும், அப்ப சொல்லணும், ரெஸ்லிங் ரிங்குன்றது மெத்தை இல்ல, கீழ இரும்பு சட்டம், மேல பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃபோம், அத கேன்வாஸ் துணி போட்டு இழுத்து கட்டியிருப்பாங்க, அவ்ளோ தான். அது மேல வாரத்துக்கு எத்தன தடவ விழறாங்கன்னு நெனச்சு பாருங்கன்னு. மூணாவது தடவ இத பண்ணிட்டு படத்த போட்டேன், படத்துல மொத பம்ப் வந்தப்ப விசில் வரல, ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் தான் வந்துச்சு.

சரி, எங்க எங்க நிறுத்துறது. ஆரம்பத்துலயே ஒரு எடம். சின்ன வயசு அண்ணனும் தங்கச்சியும் டிவிக்கு அடிச்சுக்கும்போது அண்ணன் கழுத்த புடிப்பான், அப்பா ஓடி வந்து வெலக்கி விடுவாருன்னு பாத்தா, கைய எங்க வச்சு புடிக்கணும்னு திருத்தி குடுப்பாரு. சிரிப்பு வரும், சிரிக்கட்டும். ஆனா அந்த வீட்டுல இது தொழில், கொல்லன் வீட்டு புள்ளைக்கு சுத்தியல் மாதிரி அந்த பொண்ணுக்கு அது கையில வந்துருச்சுன்னு ஒரு வரி சொல்லுங்க. பதிமூணு வயசுல மொத மேட்ச் ஆடுறா. டபிள்யூடபிள்யூஇ-ல ஒப்பந்தம் ஆனது 2011ல, அப்ப பதினெட்டு பத்தொம்போது வயசு. கணக்கு போட சொல்லுங்க, அமெரிக்கா போறதுக்கு முன்னாடியே அஞ்சாறு வருச அனுபவம்.

ரெண்டாவது எடம் ஃப்ளோரிடா பயிற்சி. இங்க தான் ரொம்ப நேரம் நிக்கணும். படத்துல பெய்ஜோட கூட மூணு பொண்ணுங்க வருவாங்க, மாடலிங், சியர்லீடிங்லேருந்து வந்தவங்க, அழகா இருப்பாங்க, ரெஸ்லிங் தெரியாது. பெய்ஜ் அவங்கள மட்டமா பாப்பா, நாமளும் அவ கண்ணால பாத்து மட்டமா நெனைப்போம். பின்னாடி அவங்களும் கஷ்டப்படுறவங்க தான், ஒருத்திக்கு ஊர்ல கொழந்தை இருக்குன்னு தெரிஞ்சு பெய்ஜ் மனசு மாறுவா. அது வரைக்கும் நல்லது. ஆனா ரெஸ்லிங் தெரியாத மாடலுங்கள ரெஸ்லிங் கம்பெனி ஏன் வேலைக்கு எடுத்துச்சுன்ற கேள்விய படம் கேக்கவே இல்ல. நெஜத்துல பல வருசம் அந்த கம்பெனி பொண்ணு ரெஸ்லருங்கள திவான்னு தான் கூப்புட்டுச்சு, திவா தேடல்னு போட்டி வச்சு தோற்றத்த பாத்து தான் ஆள் எடுத்துச்சு, பட்டத்துக்கு பேரே திவாஸ் சாம்பியன்ஷிப், பெல்ட்டு ரோஸ் கலர்ல பட்டாம்பூச்சி வடிவத்துல இருக்கும், 2008லேருந்து 2016 வரைக்கும் அந்த பட்டம் இருந்துச்சு. ஆள் எடுத்தது கம்பெனி, பழிய சுமந்தது அந்த பொண்ணுங்க. கம்பெனிய பத்தி படம் ஏன் வாய தொறக்கலன்னா படத்த தயாரிச்சதுல டபிள்யூடபிள்யூஇ-யோட சொந்த ஸ்டுடியோவும் உண்டு. புள்ளைங்ககிட்ட இத மறைக்க வேணாம், யாரு காசு போட்டாங்கன்னு பாத்துட்டு கதைய கேக்குறது நல்ல பழக்கம்.

இன்னொண்ணு, அந்த மூணு பேரும் கற்பனை. நெஜத்துல பெய்ஜோட கூட அங்க பழகுனவங்க எம்மா, சாஷா பேங்ஸ், பெய்லி, சார்லட், எல்லாரும் பின்னாடி பேரெடுத்த ரெஸ்லருங்க. 2015 ஆகஸ்ட்ல புரூக்ளின்ல சாஷாவும் பெய்லியும் ஆடுன மேட்ச பாத்தீங்கன்னா பொண்ணுங்க ரெஸ்லிங்னா என்னன்னு தெரியும், அப்படிப்பட்டவங்க இருந்த எடம் அது. படத்துல ஒருத்திக்கு மட்டும் தான் வித்தை தெரியும், மத்தவங்க அலங்காரம். நாயகிய ஒசத்த சுத்தி இருக்குற பொண்ணுங்கள எறக்குறது நம்ம சினிமாவுலயும் பழசு தான, கதாநாயகிக்கு அடக்கம்னா வில்லிக்கு திமிரு, இத புள்ளைங்களே சொல்லுச்சுங்க.

மூணாவது, அந்த பயிற்சியாளர் ஹட்ச். வின்ஸ் வான் நல்லா பண்ணியிருக்காரு, ஆனா அப்படி ஒரு ஆள் இல்ல, அதுவும் கற்பனை பாத்திரம். இதுக்கு ரொம்ப நேரம் வேணாம், நெஜ ஆளுன்னு நெனச்சுடாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு போயிடலாம்.

நாலாவது எடம் ஸாக். படத்துலயே நெஞ்ச புடிக்கிறது அண்ணன் கதை தான், தேர்வாகாம ஊர்லயே தங்கி, கண்ணு தெரியாத பையன் உட்பட ஊரு பசங்களுக்கு சொல்லி குடுக்குறான். இங்க நிறுத்தாதீங்க, ஓட விடுங்க. எங்க புள்ளைங்கள்ல ஒருத்தி மாவட்ட டீம் செலக்சன்ல விட்டுட்டு வந்தவ, அந்த சீன்ல அழுதுட்டா, யாரும் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல இருந்தவ கைய மட்டும் புடிச்சுக்கிட்டா. பொண்ணுங்க ரெஸ்லிங் படத்துல ஆழமா எழுதுன பாத்திரம் ஆம்பளையா போச்சேன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அம்மா பாத்திரத்த பாருங்க, அவங்களும் ரெஸ்லர், பெய்ஜ் வயித்துல இருக்குறது தெரியாம ரிங்குல ஆடுனவங்க, ஒரு தனி படத்துக்கான விசயம், ஆனா அவங்களுக்கு கெடைச்சது நாலு காமெடி வசனமும் ஒரு உருக்கமான சீனும் தான்.

கடைசி மேட்ச் தான் முக்கியம். ரெண்டாவது நாள் சாயங்காலம் இதுக்குன்னே வச்சுக்குங்க. படத்துல பெய்ஜ் யாருக்கும் தெரியாத பொண்ணா ரான்ற டபிள்யூடபிள்யூஇ-யோட பெரிய டிவி ஷோவுக்கு வர்றா, சாம்பியன் ஏஜே லீ முன்னாடி வாயடைச்சு நிக்கிறா, அடி வாங்குறா, அப்புறம் சட்டுன்னு தைரியம் வந்து ஜெயிக்கிறா. ஓட விடுங்க, கைதட்டட்டும். முடிஞ்சதும் லைட்ட போட்டு ஒரு சார்ட்ட தொங்க விடுங்க, நான் பழைய காலண்டர் பின்பக்கத்துல மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன். 2013ல என்எக்ஸ்டி-ன்னு டபிள்யூடபிள்யூஇ-யோட ரெண்டாம் நிலை ஷோவுல பொண்ணுங்களுக்கு மொத மொறையா பட்டம் வச்சாங்க, போட்டி வச்சு இறுதியில எம்மாவ ஜெயிச்சு மொத சாம்பியன் ஆனது பெய்ஜ். 2014 ஏப்ரல் 7, நியூ ஆர்லியன்ஸ்ல ஏஜே லீய எதுத்து நிக்கும்போது அவ ஏற்கனவே ஒரு பட்டத்த வச்சிருந்த சாம்பியன், பல மாசமா அத விடாம வச்சிருந்தவ, அவள தெரிஞ்ச ரசிகர்கள் கூட்டம் அரங்கத்துலயே இருந்துச்சு. படத்துல இது ஒரு வார்த்தை கூட இல்ல. பயந்த புதுப்பொண்ணுன்னா தான் நாம அழுவோம்னு அவ கையிலேருந்து ஒரு பெல்ட்ட புடுங்கிட்டாங்க.

இத சொன்னப்ப தான் அந்த கேள்வி கேட்ட பொண்ணு நிமிந்து உக்காந்தா. தங்கல்லயும் இதே வேல தான் நடந்துச்சுன்னு சொன்னேன், 2010 டெல்லி காமன்வெல்த் இறுதியில கீதா போகட் ஒரு ரவுண்டு கூட விடாம ஜெயிச்சாங்க, படத்துல கடைசி நொடி வரைக்கும் திணற விட்டாங்க. ரெண்டு படமும் பதைபதைப்புக்காக பொண்ணோட தெறமைய கொறைச்சு எழுதுது. நீங்க போடுறப்ப வேற எத விட்டாலும் இத விடாதீங்க.

அடுத்து ஏஜே லீ. படத்துல அவ வெறும் தடை, தோக்கடிக்க வேண்டிய ஆளு. நெஜத்துல அவ 295 நாள் அந்த பட்டத்த வச்சிருந்தா, அது வரைக்கும் யாரும் அவ்ளோ நாள் வச்சிருந்ததில்ல. ஒரு புது பொண்ண நல்லா காட்டணும்னா தோக்குறவ தான் உசுர குடுத்து வேல பாக்கணும், சரியான நேரத்துல விழணும், வலிய காட்டணும், எதிராளி கழுத்த காப்பாத்தணும். ஜெயிக்கிறது யாருன்னு மேல உள்ளவங்க முடிவு பண்ணிட்டாங்க, அது தெரிஞ்சே ரெண்டு பேரும் சேந்து அந்த நேரத்த கட்டுறாங்க, அது தான இந்த தொழிலோட அழகு. குடும்ப சீன்லெல்லாம் முடிவு பேசி வச்சது தான்னு ஒத்துக்கிற படம், கடைசி மேட்ச்ல அத மறந்துட்டு நெஜ போட்டி மாதிரி எடுத்திருக்கு. படத்துல ஏஜேவா நடிச்சது தியா ட்ரினிடாட், அவங்களே ரெஸ்லர். ஃப்ளோரன்ஸ் பியூவுக்கு டூப் போட்டதும் ஒரு ரெஸ்லர் தான். 2017 பிப்ரவரில லாஸ் ஏஞ்சலஸ்ல நெஜ ரா ஷோ முடிஞ்சதும் அந்த கூட்டத்தையே உக்கார வச்சு இத எடுத்தாங்க, இத சொன்னா புள்ளைங்க அந்த சீன திரும்ப போட சொல்லும், போடுங்க.

படம் ஜெயிப்போட முடியுது, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. 2015 பிப்ரவரி 23, பெய்ஜும் எம்மாவும் பெல்லா சகோதரிகளோட மோதுனாங்க, அந்த மேட்ச் ஓடுனது ஏறக்குறைய முப்பதே நொடி. நான் வாயால ஒண்ணு ரெண்டுன்னு முப்பது எண்ணுவேன், புள்ளைங்க அமைதியா கேக்கும், அவ்ளோ தான் அவங்களுக்கு குடுத்த நேரம். அன்னிக்கு ராத்திரியே ரசிகர்கள் பொண்ணுங்களுக்கு வாய்ப்பு குடுங்கன்னு ட்விட்டர்ல கெளம்பி, அதுலேருந்து தான் மெல்ல மெல்ல மாறுச்சு. 2016ல திவான்ற பேரையும் பட்டாம்பூச்சி பெல்ட்டையும் எடுத்தாங்க, 2019ல ரெஸில்மேனியான்ற அவங்களோட வருசாந்திர பெரிய ஷோவுல கடைசி பெரிய மேட்ச மொத மொறையா பொண்ணுங்க ஆடுனாங்க. பெய்ஜ் அதுல இல்ல. கழுத்துல அடிபட்டு 2018 ஏப்ரல் 9 ஓய்வு அறிவிச்சா, நாலு வருசத்துக்கு முன்னாடி ஜெயிச்ச அதே நியூ ஆர்லியன்ஸ் அரங்கத்துல, இருவத்தஞ்சு வயசுல. 2022ல வேற கம்பெனியில திரும்ப ரிங்குல ஏறினா. கழுத்துன்னு சொல்லும்போது வைக்கோல்ல தாடைய நெஞ்சுல ஒட்ட சொன்னது எதுக்குன்னு இன்னொரு தடவ கேளுங்க.

அம்மாங்க ரெண்டு மூணு பேர் வந்து உக்காந்தா நல்லது, கூப்புடுங்க. உடுப்ப பத்தி பேச்சு வரும், எங்க அப்பாயியே இது என்னடி ஜட்டியோட சண்டைன்னு கேட்டாங்க. கோவப்படாதீங்க, படத்தையே பாத்தா பெய்ஜும் அத தான் சொல்றா, என்னால அந்த பொண்ணுங்க மாதிரி இருக்க முடியலன்னு, நடுவுல முடிய வெளுத்துக்கிட்டு அவங்கள மாதிரி மாற பாத்துட்டு அப்புறம் கருப்பு முடிக்கே திரும்புறா. கூடவே கவிதா தேவிய பத்தி சொல்லுங்க. ஹரியானா பொண்ணு, பளு தூக்குற வீராங்கனை, 2016 தெற்காசிய போட்டியில தங்கம், 2017ல மே யங் கிளாசிக்ன்ற டபிள்யூடபிள்யூஇ-யோட பொண்ணுங்க போட்டியில சுடிதார் போட்டுக்கிட்டு ரிங்குல எறங்கி எதிராளிய தலைக்கு மேல தூக்குனாங்க. அந்த மேட்ச்ல தோத்தாங்க, ஆனா ஊர் உலகம் பாத்தது அந்த தூக்குன வீடியோவ தான். அப்பாயி அத மட்டும் ரெண்டு தடவ பாத்தாங்க.

இன்னும் வேணும்னு கேக்குற பெரிய புள்ளைங்களுக்கு மில்ட்ரெட் பர்க் கதைய சொல்லலாம், 1930கள்லயும் 40கள்லயும் அமெரிக்காவுல பொண்ணுங்க ரெஸ்லிங்க தூக்கி நிறுத்துனவங்க, அவங்கள பத்தி குயின் ஆஃப் தி ரிங்குன்னு படம் வந்திருக்கு. 1981ல வந்த ஆல் தி மார்பிள்ஸ் படத்துக்கு நடிகைங்களுக்கு பயிற்சி குடுத்தது அதே மில்ட்ரெட் பர்க் தான், ஆனா அந்த படத்துல சேத்துல பொரள விட்டு துணிய கிழிக்கிற சீனெல்லாம் இருக்கு, அத புள்ளைங்களுக்கு போடாதீங்க, நீங்க மட்டும் பாருங்க. அதுலயும் கதைய நடத்துறது மேனேஜரா வர்ற ஆம்பள தான்.

கடைசியா ஒரு வேல குடுங்க. படம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு திடல்ல உக்கார வச்சு கடைசி மேட்ச ஏஜே லீ சொல்ற மாதிரி சொல்ல சொல்லுங்க. ஜெயிச்சவ பக்கத்துலேருந்து எல்லாரும் சொல்லிடுவாங்க, தோத்தவ பக்கத்துலேருந்து சொல்ல யோசிக்கணும். ஆளுக்கு அஞ்சு நிமிசம், கேலி பண்ண கூடாது. எங்க ஊர்ல கையில கட்டு போட்டிருந்தாளே, அவ தான் ஏஜே லீயா மொதல்ல எந்திரிச்சா. நேத்து சாயங்காலம் அந்த பொண்ணு பேர் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனச்சேன், இன்னிக்கு அவ என் மேல தான் ஏறி நிக்கணும், அதனால நான் நேரா விழுந்தேன், தாடைய ஒட்டிக்கிட்டேன்னு ஆரம்பிச்சா. அந்த மேட்ச் நடந்த தேதியையும் சரியா சொன்னா.

வைக்கோல அன்னிக்கே அள்ளி உதறி மாட்டுக்கொட்டாய்ல போட்டுடுங்க, பனியில நனைய விட்டா மாடு திங்காது, அடுத்த வருசம் கேட்டா குடுக்க மாட்டாங்க.